17.8 குதிரைத்திறன்: ஒரு டைனோ ஷீட்டும் ருடால்ஃப் டீசலின் வாழ்க்கையும்!

தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவங்களுக்கு டீசல் வாசனை ஒரு வாசனையே இல்லை. துறைமுகச் சாலையில் கன்டெய்னர் ஏற்றி நிற்கும் டிரெய்லர் லாரிகள், காலை அஞ்சு மணிக்கு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து கிளம்பும் விசைப்படகுகள், உப்பளத்தில் தண்ணி இறைக்கிற மோட்டார்... எல்லாத்திலும் அந்த வாசனை இருக்கும். மூக்கு பழகிப்போச்சு. அந்தச் சொல்லும் அப்படியே பழகிப்போனதால, டீசல் என்பது ஒரு மனுஷனோட பேர் என்பதை யோசிக்கவே மாட்டோம். நானும் யோசிச்சதில்லை, போன வருஷம் ஒரு டைனோ போட்டிக்குப் போகும் வரைக்கும்.

நண்பன் ஒருத்தன் தன்னோட பழைய 1.3 லிட்டர் டர்போ டீசல் காரை அந்தப் போட்டிக்குத் தயார் செய்தான். கம்பெனியில் இருந்து வரும்போது அதுக்கு 75 குதிரைத்திறன். இன்டர்கூலரைப் பெருசாக்கினான். ஈசியூவை ரீமேப் செய்தான். டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை, அதாவது பூஸ்ட்டை, ஏத்தினான். கூடுதல் இழுவை தாங்காமல் கிளட்ச் வழுக்க, அதையும் மாத்தினான். ஆறு மாசச் சம்பளம் போச்சு. வீட்டில் யாருக்கும் தெரியாது.

டைனோ பார்த்திருக்கீங்களா? காரை இரண்டு உருளைகள் மேல் ஏத்தி, பெல்ட் போட்டுத் தரையோடு கட்டிவிடுவாங்க. முன்னாடி ஒரு ராட்சத ஃபேன். கார் நகராது, சக்கரம் மட்டும் உருளையைச் சுத்தும். உருளை எவ்வளவு வேகமா, எவ்வளவு முறுக்கோடு சுத்துதுன்னு கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, திரையில் ஒரு கோடு வரையும். அந்தக் கோட்டோட உச்சியில் இருக்கிற நம்பர்தான் உங்க காரின் பவர். சுத்தி நிற்கிற கூட்டம் மொத்தமும் அந்த ஒரு நம்பருக்காகத்தான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிற்கும். நண்பனின் கார் கருப்புப் புகை கக்கிக்கிட்டுக் கத்தியது. திரையில் மூணு இலக்கம் வந்தது. விசில் பறந்தது.

அன்னைக்கு ராத்திரி திரும்பி வரும் வழியில்தான் ஒரு கேள்வி வந்தது. முதன்முதலில் ஒரு டீசல் இன்ஜினை இப்படி ஊரறிய நிறுத்தி, பவர் எவ்வளவுன்னு அளந்தது எப்போ? பதில் தேடப் போனவன் ஒரு மனிதரின் வாழ்க்கைக்குள் போய் மாட்டிக்கிட்டேன். நாள் தெளிவாக இருக்கிறது: 1897 பிப்ரவரி 17. இடம், ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரம். நம்பர் 17.8.

தள்ளுவண்டிப் பையன்

ருடால்ஃப் டீசல் 1858 மார்ச் 18 அன்று பாரீஸில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியாவைச் சேர்ந்தவர்கள். அப்பா தியோடர் புத்தகம் பைண்டிங் செய்பவர். தோல் பொருள்களும் செய்து விற்றார். வசதி கிடையாது. அப்பா செய்த பொருள்களைத் தள்ளுவண்டியில் வைத்து பாரீஸ் தெருக்களில் கொண்டுபோய்க் கொடுப்பது சின்னப் பையன் ருடால்ஃபின் வேலை.

1870-ல் பிரான்ஸுக்கும் ஜெர்மானியர்களுக்கும் போர் மூண்டது. பாரீஸில் இருந்த ஜெர்மன் குடும்பங்கள் ஊரைவிட்டுப் போக வேண்டிய நிலை. டீசல் குடும்பம் லண்டனுக்குப் போனது. அங்கேயும் பிழைப்பு இல்லை. பன்னிரண்டு வயசுப் பையனை ஆக்ஸ்பர்க்கில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். அந்த வீடும், அந்த ஊரில் இருந்த தொழிற்பள்ளியும்தான் அவருடைய வாழ்க்கையைத் திருப்பின. பதினாலு வயசிலேயே இன்ஜினீயர் ஆகப்போகிறேன் என்று பெற்றோருக்குக் கடிதம் எழுதிவிட்டார். ஸ்காலர்ஷிப் கிடைத்து மியூனிக் பாலிடெக்னிக்கில் சேர்ந்தார்.

1879-ல் கடைசிப் பரீட்சை நேரத்தில் டைஃபாய்டு. பரீட்சை போச்சு. அடுத்த தேதிக்காகக் காத்திருந்த மாதங்களில் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் இருந்த சுல்சர் கம்பெனியில் வேலை பழகினார். விண்டர்தூர் என்ற பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வரும். 1880 ஜனவரியில் பரீட்சை எழுதி, மிக உயர்ந்த மதிப்பெண்ணோடு வெளியே வந்தார்.

அவருடைய பேராசிரியர் கார்ல் வான் லிண்டே, குளிர்பதன இயந்திரங்களின் முன்னோடி. அவருடைய கம்பெனிக்காக பாரீஸில் ஐஸ் ஃபேக்டரியை நடத்தும் வேலை டீசலுக்குக் கிடைத்தது. ஆமாம், டீசல் இன்ஜினைக் கண்டுபிடித்தவர் முதலில் பார்த்தது ஐஸ் வேலை. 1883-ல் மார்த்தாவைத் திருமணம் செய்தார். மூன்று குழந்தைகள்.

ஐஸ் வேலை சோறு போட்டது. ஆனா மனசு வேறு ஒரு கணக்கில் இருந்தது. அந்தக் காலத்து நீராவி இன்ஜின்களில் நூறு ரூபாய்க்கு நிலக்கரி போட்டால், பத்து ரூபாய்க்குத்தான் வேலை நடக்கும். பல இன்ஜின்களில் அதுவும் தேறாது. மிச்சமெல்லாம் சூடாக, புகையாக வெளியே போய்விடும். நம்ம ஊர்க் கதையோடு சேர்த்துச் சொன்னால், 1906-ல் வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி கொழும்புக்கு ஓட்டிய காலியா, லாவோ இரண்டுமே நீராவிக் கப்பல்கள்தான். ஆங்கிலேயக் கம்பெனியோடு கட்டணப் போட்டியில் நின்றபோது அந்தக் கப்பல்கள் தின்ற நிலக்கரியும் அவருக்கு ஒரு செலவுதான்.

அந்த வீணைக் குறைக்க டீசல் முதலில் அம்மோனியா ஆவியில் ஓடும் ஒரு இன்ஜினைச் செய்து பார்த்தார். அது வெடித்தது. சாவைத் தொட்டுவிட்டு வந்தார். பல மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கண் பார்வையிலும் உடம்பிலும் அதன் தொந்தரவு தொடர்ந்தது.

காற்றை அமுக்கினால் நெருப்பு

அடுத்த யோசனை எளிமையானது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பகுதி சுடுவதைக் கவனிச்சிருப்பீங்க. நம்ம கடற்கரையில் முன்னே முத்துக் குளித்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். இன்னைக்குச் சங்கு குளிக்கிற பலர் படகில் இருக்கும் கம்ப்ரசரில் இருந்து ட்யூப் வழியாக வரும் காற்றை நம்பித்தான் இறங்குகிறார்கள். அந்த கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் தலையில் கை வைத்தால் பொத்துப்போகும். காற்றை அமுக்கினால் சூடாகும், அவ்வளவுதான் விஷயம்.

தென்கிழக்கு ஆசியாவில் இதை வைத்தே நெருப்பு மூட்டினார்கள். ஒரு சின்னக் குழாய்க்குள் பஞ்சு போன்ற ஒன்றை வைத்து, தண்டை வேகமாகக் குத்தினால் பஞ்சு பற்றிக்கொள்ளும். மாணவராக இருந்தபோது டீசல் இப்படி ஒரு கருவியைப் பார்த்து அசந்துபோனார் என்பது அவரைப் பற்றி எல்லாரும் சொல்லும் கதை. ஸ்பார்க் பிளக் வேண்டாம். காற்றை மட்டும் பயங்கரமாக அமுக்கி, அது கொதிக்கும் நேரத்தில் எண்ணெயை உள்ளே விட்டால் தானாகப் பற்றும். அதிகம் அமுக்கினால் எரிபொருளில் இருந்து கிடைக்கும் வேலையும் அதிகம். 1892-ல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அடுத்த வருடம் புத்தகமும் போட்டார்.

பேப்பரில் எல்லாம் அழகு. ஆனா யார் செய்வது? ஆக்ஸ்பர்க் இயந்திர ஆலையின் தலைவர் ஹைன்ரிஷ் பூட்ஸ் முதலில் தயங்கிவிட்டு, பிறகு சம்மதித்தார். உலகத்துக்கே பீரங்கி செய்து விற்ற குரூப் கம்பெனியும் சேர்ந்துகொண்டது. ஆண்டுக்கு 30,000 மார்க் சம்பளம். ஐஸ் வேலையை விட்டுவிட்டு டீசல் முழு நேரமும் இதில் இறங்கினார். அப்போது வயது 35.

நாலு வருஷத் தயாரிப்பு

1893 ஆகஸ்ட் 10. மூணு மீட்டர் உயர இரும்புத் தூண் மாதிரி நின்றது முதல் இன்ஜின். அது தானாக ஓடவில்லை. ஆலையின் பெல்ட்டை மாட்டிச் சுத்தவிட்டு, உள்ளே எரிபொருளை விட்டார்கள். படார்! அழுத்தம் அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. பக்கத்தில் நின்றவர்கள் தப்பித்தது அதிர்ஷ்டம். வேறு யாராக இருந்தாலும் தோல்வி என்று எழுதியிருப்பார்கள். டீசல் சந்தோஷப்பட்டார். ஸ்பார்க் இல்லாமல் எண்ணெய் பற்றியது, அவர் சொன்னது நடந்துவிட்டது!

ஆனால் பற்றுவது வேறு, ஓடுவது வேறு. பிரித்தார், மாற்றினார், மறுபடி பூட்டினார். 1894 பிப்ரவரி 17 அன்று, பெல்ட்டைக் கவனித்துக்கொண்டிருந்த லிண்டர் என்ற மெக்கானிக்குக்குத்தான் முதலில் புரிந்ததாம். அதுவரை பெல்ட் இன்ஜினை இழுத்தது. திடீரென்று இன்ஜின் பெல்ட்டை இழுக்க ஆரம்பித்தது. அவர் எதுவும் பேசாமல் தொப்பியைக் கழற்றினார் என்று சொல்வார்கள். இன்ஜின் தன் சொந்தக் காலில் நிமிடத்துக்கு 88 சுற்றில் ஓடியது. எவ்வளவு நேரம்? சுமார் ஒரு நிமிடம்.

அந்த ஒரு நிமிடத்துக்கும் அளவெடுக்கும் நாளுக்கும் இடையில் சரியாக மூன்று வருடங்கள். இந்த மூணு வருஷக் கதையை டைனோவுக்கு கார் தயார் செய்யும் பசங்க படிச்சா, தங்களையே பார்த்த மாதிரி இருக்கும். எண்ணெயை எப்படித் தூவுவது? பம்ப்பால் நேரடியாகச் சரியாகத் தூவ அன்றைய தொழில்நுட்பம் போதவில்லை. அழுத்தமான காற்றோடு சேர்த்து ஊதினார்கள். அதற்கே தனி கம்ப்ரசர். சீல் நிற்காது, வால்வு நிற்காது, புகை அடங்காது. பணம் போட்டவர்கள் பொறுமை இழந்தார்கள். இமானுவேல் லவுஸ்டர் என்ற இளம் வடிவமைப்பாளர் வந்து சேர்ந்த பிறகு 1896-ல் புது இன்ஜின் உருவானது. ஒரே சிலிண்டர், கொள்ளளவு 19.6 லிட்டர்!

இங்கே டர்போ ரசிகர்களுக்காக ஒரு விஷயம். அந்த இன்ஜினில் டீசல் பூஸ்ட்டையும் முயற்சி செய்து பார்த்தார். சிலிண்டருக்குள் போகும் காற்றை முன்கூட்டியே அமுக்கி அனுப்பினார். பவர் ஏறியது. ஆனா எரிபொருள் சிக்கனம் இறங்கியது. அவருக்கு வேண்டியது சிக்கனம், அதனால் பூஸ்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டார். காற்றை அமுக்கும் வேலைக்கு இன்ஜினே தன் பவரைச் செலவழிக்க வேண்டியிருந்ததுதான் பிரச்னை.

அந்த முடிச்சை அவிழ்த்தவர் ஆல்ஃபிரட் பூஹி. பிறந்தது விண்டர்தூரில், 1879 ஜூலையில். டீசல் அங்கே சுல்சர் கம்பெனியில் வேலை பழகிய அதே வருடம்! பூஹியின் அப்பாவும் சுல்சரில்தான் வேலை பார்த்தார். வெளியே வீணாகப் போகும் புகையை வைத்தே ஒரு சக்கரத்தைச் சுத்தவிட்டு, அந்தச் சக்கரத்தால் காற்றை அமுக்கினால் இன்ஜினின் பவர் செலவாகாதே என்று யோசித்து, 1905-ல் காப்புரிமை எடுத்தார். இன்னைக்கு நாம டர்போ என்று சொல்வது அதைத்தான். அது உருப்படியாக வேலை செய்ய இருபது வருடம் ஆனது. அதுவும் முதலில் பெரிய அளவில் மாட்டியது காரில் இல்லை, கப்பலில். 1926-ல் பிரோய்சன், ஹன்ஸஸ்டாட் டான்சிக் என்ற இரண்டு ஜெர்மன் பயணக் கப்பல்களில், 1,750 குதிரைத்திறன் தரும் டீசல் இன்ஜின்கள் டர்போ மாட்டியதும் 2,500 தந்தன. டர்போ வைத்த கார்கள் விற்பனைக்கு வந்தது 1962-ல். பூஹி 1959-லேயே இறந்துவிட்டார். டீசல் இதில் எதையுமே பார்க்கவில்லை.

சரி, 1897-க்கு வருவோம்.

பிப்ரவரி 17. மியூனிக்கில் இருந்து பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் அளக்க வந்தார். தயாரித்தவரே அளந்தால் யாரும் நம்ப மாட்டார்கள். நம்ம டைனோ போட்டிகளிலும் இதுதானே சண்டை? ஒரு கராஜில் காட்டின நம்பர் இன்னொரு கராஜில் வராது. வெப்பநிலை, காற்றழுத்தம் என்று திருத்தக் கணக்கில் கை வைத்தால் அஞ்சு பத்து குதிரையை எங்கிருந்தாவது கூட்டிவிடலாம். அதனால்தான் வெளியாள், வெளி நாற்காலி.

அளக்கும் முறை அன்றைக்குப் பழசு. சுத்தும் சக்கரத்தை பிரேக் போட்டு இறுக்கி, அது எவ்வளவு எதிர்ப்பைத் தாங்கிச் சுத்துகிறது என்று பார்ப்பது. பிரான்ஸ்காரர் டி ப்ரோனி 1821-லேயே செய்து காட்டிய முறை. இன்றைய டைனோவின் தாத்தா அதுதான். 75 கிலோ மூட்டையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் தூக்கும் வேலை, ஜெர்மன் கணக்கில் ஒரு குதிரைத்திறன். கார் விளம்பரங்களில் பி.எஸ். என்று வருவது இதுதான்.

நிமிடத்துக்கு 154 சுற்றில் இன்ஜின் கொடுத்தது 17.8 குதிரைத்திறன். சிரிப்பு வருதா? 19.6 லிட்டர் இன்ஜினில் இருந்து ஒரு பைக்குக்குப் போதுமான பவர்! நண்பனின் 1.3 லிட்டர் கார் பக்கத்தில் நின்றிருந்தால் அதைக் கேலி செய்திருக்கும். ஆனா அன்னைக்கு எல்லாரும் பார்த்தது இன்னொரு நம்பரை. ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் ஓட்ட 238 கிராம் மண்ணெண்ணெய்தான் செலவானது. கணக்குப் போட்டால் மொத்த இன்ஜினுக்கும் மணிக்கு சுமார் நாலேகால் கிலோ. எரிபொருளில் இருந்த சக்தியில் 26.2 சதவிகிதம் வேலையாக மாறியது. நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாய் வேலை பார்த்த உலகத்தில், இருபத்தாறு ரூபாய் வேலை. அதே வருடம் ஜூன் மாதம் காஸல் நகரில் ஜெர்மன் இன்ஜினீயர்கள் கூடிய சபையில் டீசலும் ஷ்ரோட்டரும் இதை அறிவித்தார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது.

நம்பர் வந்த பிறகு

நண்பனின் காருக்கு என்ன ஆச்சுன்னு சொல்லலையே. போட்டி முடிந்த மூணாவது வாரம், மதுரை ரோட்டில் எட்டயபுரம் தாண்டி டர்போ போச்சு. ஒரு இழுப்புக்குத் தாங்கின இன்ஜின், ஏசியைப் போட்டுக்கிட்டு, நாலு பேரை ஏத்திக்கிட்டு, வெயிலில் இரண்டு மணி நேரம் தொடர்ந்து தாங்கவில்லை. டைனோவில் ஒரு ஓட்டம் சில நொடிகள்தான். ஓட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் இன்டர்கூலர் மேல் ஐஸ் வைக்கலாம். ரோட்டில் யார் வைப்பா? (கம்பெனி கொடுத்ததை இஷ்டத்துக்கு மாத்தி ரோட்டில் ஓட்ட மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிப்பதில்லை என்பது தனி விஷயம். அவன் அதை அப்போ காதிலேயே வாங்கலை.)

டீசலுக்கு நடந்ததும் இதுதான். இன்னும் பெரிய அளவில்.

ஆய்வுக்கூடத்தில், கைதேர்ந்த மெக்கானிக்குகள் சுற்றி நிற்க, அளந்து பார்த்த இன்ஜின் அது. அதை அப்படியே கடைச் சரக்காக ஆக்கிவிடலாம் என்று எல்லாரும் அவசரப்பட்டார்கள். 1898-ல் கெம்ப்டன் நகரத் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு 60 குதிரைத்திறன் இன்ஜின் போனது. நின்று நின்று ஓடியது. ஆக்ஸ்பர்க்கில் இருந்து ஆள்கள் போய் உட்கார்ந்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஆக்ஸ்பர்க்கில் டீசல் பெயரில் தொடங்கிய இன்னொரு தொழிற்சாலையின் இன்ஜின்களுக்கும் புகார்கள், திரும்பி வந்த சரக்கு. தாளில் இருந்த 26.2 பொய் இல்லை. ஆனா அது ஒரு நாளின் நம்பர்.

இன்னொரு பக்கம் பணம் கொட்டியது. அமெரிக்க உரிமையை பீர் ஆலை முதலாளி அடால்ஃபஸ் புஷ் பத்து லட்சம் மார்க்குக்கு வாங்கினார். ரஷ்ய உரிமை இமானுவேல் நோபலுக்குப் போனது. 1898-ல் தன் மிச்ச உரிமைகளையெல்லாம் ஒரு புதுக் கம்பெனிக்கு 35 லட்சம் மார்க்குக்கு மாற்றிக் கொடுத்தார். தள்ளுவண்டிப் பையன் கோடீஸ்வரர்! அதே வருடம் நரம்புத் தளர்ச்சியால் சானடோரியத்தில் படுத்தார். தூக்கம் இல்லை, தலைவலி விடவில்லை. அந்தத் தலைவலி கடைசி வரை கூடவே வந்தது.

என் கணிப்பில் டீசல் தப்புக் கணக்குப் போட்ட இடம் இதுதான். 1897 பிப்ரவரியோடு வேலை முடிந்துவிட்டது என்று அவர் நம்பினார். இன்ஜினை நம்பத்தகுந்ததாக மாற்றும் அலுப்பான வேலையை ஆலைகளில் இருந்த லவுஸ்டர் போன்றவர்கள் வருடக்கணக்கில் செய்தார்கள். அவரோ மியூனிக்கில் அரண்மனை மாதிரி வீடு கட்டினார். நிலத்தில் பணம் போட்டு ஏமாந்தார். கலீசியா பகுதியில் எண்ணெய்க் கிணறுகளில் போட்டது போனது. காப்புரிமை வழக்குகளுக்கு வேறு செலவு. காகிதத்தில் அத்தனை நுணுக்கமாகக் கணக்குப் போட்ட மனுஷன், தன் சொந்தக் கணக்கு நோட்டைப் பார்க்கவே பயந்தார்.

அதற்காக அவரைப் பணத்தாசை பிடித்தவர் என்று சொல்லிவிட முடியாது. 1903-ல் தொழிலாளர்களே சேர்ந்து சொந்தமாகத் தொழில் நடத்தும் கூட்டுறவு முறை பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 10,000 பிரதிகள் அச்சடித்தார்கள். முந்நூறு சொச்சம்தான் விற்றது. தன் வாழ்க்கையின் முக்கியமான வேலையாக அவர் இன்ஜினுக்குச் சமமாக அதை நினைத்தார். 1900 பாரீஸ் கண்காட்சியில் அவருடைய முறையில் செய்த ஓர் இன்ஜின் நிலக்கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. தாவர எண்ணெய்க்கு ஒருநாள் மதிப்பு வரும் என்று பின்னாளில் அவர் பேசியும் இருக்கிறார்.

இன்ஜின் அதற்குள் தேறிவிட்டது. 1912 பிப்ரவரியில் டென்மார்க்கில் கட்டிய செலாண்டியா, கோபன்ஹேகனில் இருந்து கிளம்பி, இந்தியப் பெருங்கடலைத் தாண்டி பாங்காக் வரை போய்த் திரும்பியது. பெருங்கடல் ஓட்டத்துக்கென்று கட்டிய முதல் பெரிய டீசல் கப்பல்களில் ஒன்று. கரி அள்ளிப் போடும் ஆட்கள் இல்லை. புகைபோக்கிகூட இல்லை; புகை பாய்மரக் கம்பம் வழியாகப் போனது. லண்டனில் சர்ச்சில் ஏறிப் பார்த்தார்.

ஆக, 1912-ல் உலகம் டீசலைக் கொண்டாடியது. அமெரிக்கா போனார், எடிசனைச் சந்தித்தார். ஊருக்குத் திரும்பினால் இன்னொரு அடி காத்திருந்தது. இன்ஜின் பிறந்த கதையை அவர் சபையில் சொன்னபோது, எதிரிகள் எழுந்தார்கள். காப்புரிமையில் எழுதிய இன்ஜின் வேறு, ஆக்ஸ்பர்க்கில் ஓடிய இன்ஜின் வேறு. இதில் அவர் பங்கு என்ன என்று கேட்டார்கள். அதில் பாதி உண்மையும் இருந்தது. பேப்பரில் போட்ட அழுத்தத்தையும் எரியும் முறையையும் நடைமுறைக்காக அவர் மாற்றித்தான் இருந்தார். எந்த மெக்கானிக்தான் மாற்ற மாட்டான்? ஆனா 1913-ல் ஒரு பேராசிரியர், டீசல் என்பதே ஒரு கட்டுக்கதை என்ற பொருளில் தலைப்பு வைத்துப் புத்தகமே போட்டார். பணமும் தீர்ந்திருந்த நேரத்தில், மிச்சமிருந்த பேரிலும் கை வைத்தார்கள்.

டிரெஸ்டன் கப்பல்

1913 செப்டம்பர். இங்கிலாந்தில் இப்ஸ்விச் நகரில் புது டீசல் இன்ஜின் தொழிற்சாலை, லண்டனில் கம்பெனிக் கூட்டம். கிளம்பும் முன் மார்த்தாவிடம் ஒரு பையைக் கொடுத்து, அடுத்த வாரம் வரை திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்.

செப்டம்பர் 29 மாலை, பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற நீராவிக் கப்பலில் ஏறினார். ஆமாம், நீராவிக் கப்பல். கூட இன்ஜின் தயாரிப்பாளர் ஜார்ஜ் கரெல்ஸும் இன்னொரு இன்ஜினீயரும். மூவரும் சாப்பிட்டார்கள், மேல்தளத்தில் நடந்தார்கள். இரவு பத்து மணி வாக்கில் டீசல் தன் அறைக்குப் போனார். காலை 6.15-க்கு எழுப்பச் சொல்லியிருந்தார்.

காலையில் அறை காலி. படுக்கை கலையவில்லை. இரவு உடை எடுத்து வைத்தபடியே இருந்தது. கைக்கடிகாரம் பரவலாகாத காலம். பாக்கெட் வாட்ச்சைப் படுக்கையில் இருந்து பார்த்தால் தெரியும்படி வைத்திருந்தார். பின்தளத்துக் கைப்பிடிக் கம்பிக்குக் கீழே அவருடைய தொப்பியும் மடித்து வைத்த ஓவர்கோட்டும் கிடந்தன. டைரியில் செப்டம்பர் 29-க்கு நேரே ஒரு சிலுவைக் குறி.

கொன்றுவிட்டார்கள் என்று அன்றிலிருந்து இன்று வரை பல கதைகள். இங்கிலாந்துக்கு நீர்மூழ்கி ரகசியம் விற்கப் போனார், ஜெர்மன் உளவாளிகள் தள்ளிவிட்டார்கள் என்று ஒன்று. எண்ணெய் முதலாளிகள் வேலை என்று இன்னொன்று. யூடியூபில் தேடினால் ஒரு நாள் முழுக்க ஓடும். எனக்கு அந்தப் பை போதும். மார்த்தா திறந்தபோது உள்ளே 20,000 மார்க் ரொக்கமும், வங்கிக் கணக்குகள் கிட்டத்தட்ட காலி என்று காட்டும் காகிதங்களும் இருந்தன.

இன்னைக்கு நம்ம மீன்பிடித் துறைமுகத்தில் குதிரைத்திறன் என்பது கெத்துக்கான நம்பர் இல்லை, சட்ட நம்பர். விசைப்படகு இன்ஜின் 240 குதிரைத்திறனைத் தாண்டக் கூடாது என்று தமிழக அரசின் 2020 மீன்பிடி ஒழுங்குமுறை விதிகள் சொல்கின்றன. அதிவேகச் சீன இன்ஜின் மாட்டினவர்களுக்கும் மாட்டாதவர்களுக்கும் தமிழகக் கடற்கரையில் நடக்கும் சண்டை உங்களுக்குத் தெரியும். பெரிய இன்ஜின் பெரிய வலையை இழுக்கும். நாட்டுப் படகுக்காரருக்கு மிஞ்சுவது குறையும். 17.8-ல் தொடங்கின நம்பர், இப்போ மேலே போகாதே என்று சட்டம் போட்டு நிறுத்த வேண்டிய இடத்துக்கு வந்திருக்கிறது.

டீசல் காணாமல் போய் சுமார் பத்து நாள் கழித்து, ஒரு டச்சுப் படகு கடலில் மிதந்த ஓர் உடலைக் கண்டது. அடையாளம் தெரியாத அளவுக்குச் சிதைந்திருந்தது. படகில் ஏற்றவில்லை. சட்டைப் பையில் இருந்த மாத்திரை டப்பா, பர்ஸ், பேனாக்கத்தி, மூக்குக்கண்ணாடிக் கூடு ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, உடலைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். அக்டோபர் 13 அன்று இளைய மகன் ஒய்கன் வந்து, அந்தப் பொருள்களைப் பார்த்து, அப்பாவுடையவைதான் என்று உறுதி செய்தார். ருடால்ஃப் டீசலுக்கு அப்போது வயது 55.